அம்புக்குறி இல்லாத கல்

சேப்பாக்கத்தில் நில அளவை அலுவலகம் ஒன்றில் 31 ஆண்டுகள் வரைவாளராகப் பணியாற்றினேன். வயலிலும் மனையிலும் நின்று அளப்பவர் சர்வேயர். அவர் குறித்து வரும் அளவுகளைத் தாளில் புலப்படமாக ஆக்கித் தருவது என் போன்றோரின் வேலை. எந்தத் தாளை எடுத்தாலும், எல்லைக்கோட்டைத் தொடங்கும் முன்பே மூலையில் வடக்கு அம்பை வரைந்துவிடுவது என் வழக்கம். எல்லைகள் திருத்தப்படும், உட்பிரிவு எண்கள் மாறும், தூர்ந்துபோன கிணறு படத்திலிருந்து நீங்கும். அந்த அம்பைத் திருத்தித் தரச் சொல்லி ஒரு கோப்புகூட என் மேசைக்கு வந்ததில்லை. ஆயிரக்கணக்கான முறை என் கை வரைந்த அந்தச் சிறு குறியைப் பற்றிப் பணிக்காலம் முழுவதும் நான் யோசித்ததே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு இப்போது யோசிக்கிறேன். அதற்குக் காரணம், தாள்கள் பறக்காமல் இருக்க என் மேசைமேல் வைத்திருந்த ஒரு கறுப்புக் கல்.

அந்தக் கல் மகாபலேஷ்வரிலிருந்து வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு சுற்றுலா போயிருந்தபோது, மலைப்பாதையில் தேநீருக்காக வண்டி நின்ற ஓரிடத்தில், சாலையோரம் கிடந்ததை எடுத்துக்கொண்டேன். கைக்கு அடக்கமாக இருந்தது; அளவுக்கு மீறிய கனம்; ஒரு பக்கம் தட்டை. ஆதம்பாக்கத்து வீட்டில் மின்விசிறிக்குக் கீழே அதைவிட நல்ல பாரம் கிடைக்காது என்பதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு எந்த எண்ணமும் இருந்ததில்லை.

கீழ்வீட்டுப் பெண் சிறு வயதில் எங்கள் மாடிப்படியில்தான் பல்லாங்குழி ஆடுவாள். நிலவியல் படித்துவிட்டு இப்போது பாறைகளின் காந்தத்தை ஆராய்ந்துகொண்டிருக்கிறாள். பொங்கலுக்கு வந்திருந்தவள் சர்க்கரைப் பொங்கலைக் கொடுக்க மேலே வந்தாள். கல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது தக்காணத்து பசால்ட் ஆச்சே, எங்கே கிடைச்சுது அத்தை?” என்று கேட்டாள். எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கறுப்புப் பாறைதான் பசால்ட். கிடைத்த இடத்தை நான் சொன்னேன். நான் ஓய்வு பெற்ற நாளில் சர்வேயர்கள் சேர்ந்து பரிசாகத் தந்த பித்தளைத் திசைகாட்டி அலமாரியில் இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்து, முள் ஆட்டம் நின்றபின், கல்லை மெதுவாக அதன் பக்கவாட்டில் நகர்த்தினாள். முள் ஏறக்குறைய ஒரு பாகை ஒதுங்கியது. கல்லை முன்பின்னாகத் திருப்பி அதே இடத்தில் வைத்தாள். முள் அதே அளவு மறுபுறம் ஒதுங்கியது. வெறும் இரும்புத்துண்டாக இருந்தால் எப்படித் திருப்பி வைத்தாலும் ஒரே பக்கம்தான் இழுக்கும். திருப்பினால் முள்ளும் மாறுகிறது என்றால் கல்லுக்கென்று ஒரு திசை இருக்கிறது.

“இந்தக் கல்லுக்குள்ள ஒரு வடக்கு இருக்கு அத்தை. ஆறு கோடி வருஷத்துக்கு முன்னாடி இருந்த வடக்கு” என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்படியானால் அது எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் என்னைக் கேட்டாள்: “எடுக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருந்துச்சு, எந்தப் பக்கம் வடக்கே பார்த்து இருந்துச்சுன்னு குறிச்சு வச்சீங்களா?” இல்லை என்றேன். அது பாறையோடு ஒட்டியிருந்ததா, எங்கிருந்தோ உருண்டு வந்து கிடந்ததா என்று கேட்டாள். அதுவும் எனக்குத் தெரியவில்லை. “அப்போ இது சொல்றதை நம்மால படிக்க முடியாது” என்று சொல்லிக் கல்லைத் திரும்பவும் தாள்கள்மேல் வைத்தாள்.

அவள் குறை சொல்லவில்லை, இயல்பாகத்தான் சொன்னாள். ஆனாலும் அந்தச் சொல் எனக்குள் தைத்துவிட்டது. ஏனென்றால் அதே பாடத்தைத்தான் என் வேலை எனக்கு 31 ஆண்டுகளாகக் கற்பித்திருந்தது. வயல் மூலையில் நடப்பட்ட எல்லைக்கல் நின்ற இடத்தில் நிற்கும்வரை அது ஓர் ஆவணம். இரண்டு குடும்பங்களின் சண்டையைத் தீர்த்துவைக்கக்கூடிய சாட்சி. பிடுங்கிக் கிணற்றடியில் துணி துவைக்கப் போட்டுவிட்டால் அதே கல் வெறும் கல். நில அளவைக் குறியை அகற்றுவதை 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் குற்றமாக வைத்திருப்பது கல்லின் விலைக்காக அல்ல. இதையெல்லாம் அறிந்த நான், இருந்த இடத்தையும் கிடந்த கிடையையும் குறிக்காமல் ஒரு சாட்சியைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

சூளையில் வெந்த மண்

கல் எப்படித் திசையைக் கற்றுக்கொள்கிறது என்பதை அவள் எனக்கு விளக்கியதைவிட, சூளையை நினைத்துக்கொண்டு நானே புரிந்துகொண்டது நன்றாக மனத்தில் நின்றது. சென்னையில் சூளை என்றே ஒரு பகுதி உண்டு, சூளைமேடும் உண்டு. செங்கல் வெந்த இடங்களின் பெயர் அவை. பச்சை மண்ணில் இரும்புத் தாது மிகச் சிறிய மணிகளாகக் கலந்திருக்கிறது. மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ சிறுவயதில் காந்தத் துண்டை மணலில் இழுத்து விளையாடியவர்களுக்கு அது தெரியும்; மீசை போல ஒட்டிக்கொள்ளும் கருமணலில் மேக்னடைட் என்னும் காந்தத் தாது இருக்கிறது. மேக்னடைட்டைச் சுமார் 580 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அது தன் நிலைத்த காந்தத்தை இழந்துவிடும். கியூரி வெப்பநிலை என்பது அதுதான். திரும்ப ஆறும்போது, அந்த நேரத்தில் அந்த இடத்தில் புவியின் காந்தப் புலம் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறதோ அந்தப் பக்கத்தை ஏற்றுக்கொண்டு இறுகும். பிறகு சுற்றியுள்ள புலம் மாறினாலும் மணிக்குள் இறுகியது எளிதில் மாறாது. சூளையிலிருந்து எடுத்து அடுக்கிய செங்கல்லில் திசை கலைந்துபோகும். ஆனால் பெயர்க்காமல் கிடக்கும் சூளையின் தரை, கடைசியாகத் தீ அணைந்த நாளின் வடக்கை அப்படியே வைத்திருக்கும். பழைய சூளைகளையும் அடுப்புகளையும் இதற்காகவே ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எரிமலைக் குழம்பு இயற்கை மூட்டிய சூளை. பசால்ட் குழம்பு 1,100 பாகைக்கும் மேலான வெப்பத்தோடு வெளியே வழிகிறது. முதலில் பாறையாக உறைகிறது. அப்போதும் அதற்குள் நிலைத்த காந்தம் இல்லை. இன்னும் ஆறிக் கியூரி வெப்பநிலைக்குக் கீழே இறங்கும்போதுதான் எழுத்து பதிகிறது. பதிவது திசைகாட்டி முள் காட்டும் வடக்கு-தெற்கு மட்டுமன்று. முள்ளைக் கிடையாக மட்டும் ஆடவிடாமல் மேலும் கீழும் சாயவும் விட்டால், அது நிலத்தை நோக்கிச் சாய்வதோ வானை நோக்கி நிமிர்வதோ தெரியும். காந்த நடுக்கோட்டில் அது கிடையாகவே நிற்கும். துருவத்தில் செங்குத்தாக நிற்கும். அந்தக் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டித்தான் போகிறது. 1963-இல் ராக்கெட் ஏவ தும்பாவைத் தேர்ந்ததற்கு அதுவே காரணம். சென்னையிலோ முள் சற்றே கீழ்நோக்கிச் சாயும். ஆக, இடம் பெயராத ஒரு பாறை இரண்டு செய்திகளை வைத்திருக்கிறது: எந்தப் பக்கம் வடக்கு, முள் எவ்வளவு சாய்வு. இரண்டாவதன் அருமை எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

சாட்சி மாறிச் சொன்னபோது

பிரான்ஸின் நடுப்பகுதியில் கந்தால் என்னும் எரிமலை நாடு இருக்கிறது. அங்கே பொன்ஃபரேன் என்ற சிற்றூர் அருகே, குழம்பு வழிந்தோடிய அடுக்கின் அடியில் களிமண் சுட்ட செங்கல்லாக மாறியிருந்தது. பியூய் த தோம் மலை ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த பெர்னார் ப்ரூன் அந்த மண்ணிலிருந்தும் மேலிருந்த பசால்ட்டிலிருந்தும் துண்டுகளை, கிடந்த கிடையைக் குறித்துக்கொண்டு எடுத்தார். அளந்து பார்த்தபோது இரண்டின் காந்தமும் ஒரே திசையில் இருந்தது. அந்தத் திசை இன்றைய வடக்குக்கு நேர் எதிர். 1906-இல் அவர் அதை வெளியிட்டார். மண் புரண்டு விழவில்லை, அடுக்குகள் அப்படியே இருக்கின்றன. ஆகவே அந்த மண் வெந்த நாளில் அந்த இடத்தில் புவியின் காந்தப் புலமே எதிர்த்திசையில் இருந்திருக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. நான்கு ஆண்டுகளில் அவர் மறைந்துவிட்டார். 1929-இல் ஜப்பானில் கியோட்டோவைச் சேர்ந்த மோட்டோனோரி மாட்சுயாமா, ஜப்பான், கொரியா, மஞ்சூரியா ஆகிய இடங்களின் நூற்றுக்கும் மேற்பட்ட பசால்ட் துண்டுகளை அளந்து, சில இன்றைய திசையிலும் சில நேர் எதிராகவும் இருப்பதையும், அவை வயதுப்படி பிரிவதையும் காட்டினார். கென்புடோ குகையின் அறுகோணத் தூண்கள் அவர் எடுத்த தொடக்கத் துண்டுகளில் அடங்கும்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் ஈர்த்தது. உலகம் நம்பவில்லை, நம்பாததற்கு நல்ல காரணமும் இருந்தது. ஒரு சாட்சி எல்லோரும் அறிந்ததற்கு நேர்மாறாகச் சொன்னால், உலகம் மாறிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், சாட்சி பிறழ்ந்திருக்குமோ என்றுதானே முதலில் பார்க்க வேண்டும்? பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நேயல், ஒரே பாறைக்குள் இரண்டு வகைத் தாதுக்கள் நெருங்கிக் கிடந்தால், முதலில் காந்தம் பெற்றது மற்றதைத் தனக்கு எதிர்த்திசையில் திருப்பிவிட முடியும் என்று கோட்பாட்டளவில் காட்டினார். காட்டிய கொஞ்ச காலத்திலேயே, 1951-ஐ ஒட்டி, ஜப்பானில் நகாட்டாவும் உயேடாவும் அவர்களோடு சேர்ந்தவர்களும் ஹருனா எரிமலையின் பாறையொன்று அப்படியே நடந்துகொள்வதைக் கண்டார்கள். இன்றைய புலத்தில் சூடாக்கி ஆறவிட்டால் அது நேர் எதிரான திசையைப் பதித்துக்கொண்டது. ஆக, பொய் சொல்லும் பாறை உண்மையிலேயே இருக்கிறது. அப்படியானால் ப்ரூனின் மண்ணும் மாட்சுயாமாவின் பசால்ட்டும் எந்த வகை?

இதைக் கேட்ட நாளில் எனக்கு அலுவலகத்துக் கோப்புகள்தாம் நினைவுக்கு வந்தன. ஒரு கல்லின் நிலை மற்ற அளவுகளோடு ஒத்துப்போகவில்லை என்றால், அந்தக் கல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அக்கம்பக்கத்துப் புலங்களின் கற்களையும் பழைய பதிவையும் எடுத்துப் பார்ப்போம். ஒரு கல் மட்டும் விலகினால் கல் பிசகு; ஊரே சேர்ந்து விலகினால் பதிவு பிசகு. பாறைகளின் வழக்கும் அப்படித்தான் தீர்ந்தது. ப்ரூனின் சான்றிலேயே அதன் வித்து இருந்தது: மண் வேறு, பசால்ட் வேறு, அவற்றின் தாதுக்கள் வேறு, ஒன்றாக வெந்து ஆறியதைத் தவிர அவற்றுக்குப் பொது எதுவும் இல்லை. இருவரும் கூடிப் பேசி ஒரே பொய்யைச் சொல்ல வழியில்லை. அடுத்த சான்று வயதிலிருந்து வந்தது. பொட்டாசியத்தில் ஒரு சிறு பங்கு மிக மெதுவாகச் சிதைந்து ஆர்கான் வாயுவாகிறது. குழம்பு உருகியிருக்கும்போது ஆர்கான் வெளியேறிவிடும். உறைந்தபின் உள்ளே சேரத் தொடங்கும். சேர்ந்ததை அளந்தால் உறைந்த காலம் தெரியும். 1963-64-இல் கலிபோர்னியாவில் காக்ஸ், டோல், டால்ரிம்பிள் மூவரும், ஆஸ்திரேலியாவில் மெக்டூகலும் டார்லிங்கும், இளம் எரிமலைப் பாறைகளின் வயதையும் காந்தத் திசையையும் சேர்த்து அளந்தார்கள். ஒரே வயதுள்ள பாறைகள், ஒன்று ஹவாயில் இருந்தாலும் ஒன்று கலிபோர்னியாவில் இருந்தாலும், ஒரே பக்கத்தைச் சொன்னன. தாது பிறழ்ந்திருந்தால் ஊருக்கு ஊர் கலந்து வந்திருக்க வேண்டும். ஊரே சேர்ந்து விலகியது, புவிதான் புரண்டது.

அந்த ஆண்டுகளில் வகுத்த காலப்பகுதிகளில் இன்று நாம் வாழும் பகுதிக்கு ப்ரூனின் பெயரும், அதற்கு முந்திய எதிர்த்திசைப் பகுதிக்கு மாட்சுயாமாவின் பெயரும் வைத்தார்கள். இரண்டுக்கும் இடையிலான எல்லை இன்றைய கணக்கில் சுமார் 7,73,000 ஆண்டுகளுக்கு முன். கடலடியில் இதே புரள்வுகள் வரிகளாகப் பதிந்திருப்பதை இந்தியப் பெருங்கடலின் கார்ல்ஸ்பெர்க் முகட்டில் 1962-இல் எடுத்த அளவுகளைக் கொண்டே பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வைனும் மேத்யூஸும் விளக்கினார்கள். கண்டங்கள் நகர்கின்றன என்பதை உலகம் ஏற்றது அதற்குப் பின்னால்தான். அது பலரும் அறிந்த கதை.

புரள்வு என்றதும் எல்லோரும் கேட்பது, அடுத்தது எப்போது என்று. என் மகனும் அதைத்தான் கேட்டான். முறை வைத்து வருவதில்லை என்பதே கீழ்வீட்டுப் பெண்ணின் பதில். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் ஏறக்குறைய நான்கு கோடி ஆண்டுகள் புலம் ஒரு முறைகூடப் புரளாமல் இருந்திருக்கிறது. வேறு காலங்களில் சில லட்சம் ஆண்டுகளுக்கு ஒரு முறை புரண்டிருக்கிறது. புரளும்போது ஒரு நாளில் தலைகீழாவதும் இல்லை. புலம் நலிந்து, அலைந்து, மறுபக்கம் நிலைபெறச் சில ஆயிரம் ஆண்டுகள் ஆகும். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இன்றுவரை புவியின் காந்தம் பத்தில் ஒரு பங்குக்கு அருகே குறைந்திருப்பது உண்மை. அதைக் கொண்டு புரள்வு நெருங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை, ஏனென்றால் குறைந்து மீண்டும் ஏறிய காலங்களும் பாறைகளில் பதிவாகியிருக்கின்றன.

படிக்கட்டு மலை

எங்கள் மொட்டைமாடியிலிருந்து பரங்கிமலை தெரியும். இந்திய நிலப்பரப்பின் பெரிய முக்கோண அளவைக்கு 1802 ஏப்ரல் 10 அன்று ஆங்கிலேய அதிகாரி லாம்ப்டன், முக்கோணங்களுக்கெல்லாம் அடிப்படையான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியது அதன் அடிவாரத்திலிருந்துதான். மறுமுனை பெரும்பாக்கம் பக்கம், ஏறக்குறைய 12 கிலோமீட்டர். எங்கள் துறையில் வேலை பார்த்தவர்களுக்கு அது கோயில் போன்ற இடம். அந்த மலையின் பாறையிலும் பழைய வடக்கு இருக்குமா என்று ஆவலோடு கேட்டேன். அது சார்னோகைட், எரிமலைக் குழம்பு அன்று, புவியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது, வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள் என்றாள். அத்தனை பழைய பாறையில் எது முதலில் எழுதியது, எது பின்னால் மேலெழுதியது என்று பிரிப்பது கடினம். தெளிவாகப் படிக்க வேண்டுமானால் தக்காணத்துக்கு வாருங்கள் அத்தை என்று அழைத்தாள். மகன் புனேயில் இருப்பதால் கடந்த டிசம்பரில் போனேன். போலாட்பூரிலிருந்து மகாபலேஷ்வருக்கு ஏறும் ஆம்பேனளி மலைப்பாதையில் அவளுடைய குழுவோடு இரண்டு நாள் இருக்க அனுமதி கிடைத்தது.

முன்பு சுற்றுலாவில் அந்தப் பாதையை நான் பார்த்தேனா என்றே இப்போது சந்தேகமாக இருக்கிறது. எதிர்மலைச் சரிவு முழுவதும் படிப்படியாக இறங்குகிறது. ஒவ்வொரு படியும் ஒரு காலத்தில் வழிந்தோடி உறைந்த குழம்பு. தக்காண டிராப் என்று இந்த எரிமலைப் பரப்பைச் சொல்கிறோமே, அந்த டிராப் என்ற சொல்லே ஸ்வீடிஷ் மொழியில் படிக்கட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் பின்னுமாக வழிந்த இந்தக் குழம்பு இன்றும் ஏறக்குறைய ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. இந்த மலைத்தொடரில் அடுக்கின் மேல் அடுக்காக ஒரு கிலோமீட்டருக்கும் மேலான உயரத்துக்கு வெட்டுண்டு நிற்கிறது. சில படிகளுக்கு நடுவே செங்கல் நிறத்தில் மெல்லிய மண் அடுக்கு தெரிந்தது. இரண்டு குழம்புகளுக்கு இடையே மழை பெய்து, பாறை மக்கி, மண்ணாகும் அளவுக்குக் காலம் கழிந்தது என்பதன் அடையாளம் அது. அதன்மேல் அடுத்த குழம்பு வந்து சுட்டிருக்கிறது. பொன்ஃபரேனில் ப்ரூன் கண்ட அதே காட்சி. நான் அந்தச் சிவப்பைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

மலையின் கீழ் அடுக்குகள் எல்லாம் புரண்ட திசையைச் சொல்கின்றன. உச்சியை நெருங்கும்போது இன்றைய திசைக்கு மாறுகின்றன. அதாவது அந்த மலைப்பாதையில் ஏறும் பேருந்து, ஏதோ ஒரு வளைவில், புவியின் காந்தம் புரண்ட காலத்தைத் தாண்டிப் போகிறது. என் கல் எந்த வளைவில் கிடந்தது என்று நினைவிருந்தாலாவது ஓர் ஊகம் சொல்லியிருக்கலாம் என்று அவள் சொன்னபோது எனக்கு மீண்டும் வலித்தது. இந்தக் கீழ் அடுக்குகள் அனைத்தும் ஒரே புரண்ட காலத்துக்குள் அடங்குவது சிறிய செய்தி அன்று. அந்தக் காலம் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் குறைவானது. ஆகவே இவ்வளவு பெரிய மலை அந்தக் குறுகிய காலத்தில் கொட்டியது என்பது 1980-களில் பிரெஞ்சு ஆய்வாளர் கூர்த்தியோவும் அவருடன் இருந்தவர்களும் காந்தத் திசையைக் கொண்டு சொன்ன முடிவு. டைனோசர்கள் அழிந்த காலமும் அதே புரண்ட பகுதிக்குள்தான் விழுகிறது. விண்கல்லா எரிமலையா என்று இன்றும் நடக்கும் வாதத்தில் இந்த மலை ஏன் விடாமல் இடம்பெறுகிறது என்பதற்கு இதுவே காரணம்.

அவர்கள் வேலை செய்யும் முறையைப் பார்த்தபோது என் துறைக்கே திரும்பி வந்தது போல இருந்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே துளைப்பானால் பாறையில் இரண்டரை சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையை அறுக்கிறார்கள்; ஆனால் உடைத்து எடுப்பதில்லை. அடிப்பக்கம் பாறையோடு ஒட்டியிருக்கும்போதே அதன்மேல் ஒரு குழாயைச் செருகி, சாய்வையும் திசையையும் அளந்து, பித்தளைக் கம்பியால் உருளைமேல் ஒரு கோடு கீறுகிறார்கள். அதன் பிறகே உடைக்கிறார்கள். திசையை அளக்கத் திசைகாட்டியை மட்டும் நம்புவதில்லை. பாறையின் சொந்தக் காந்தமே முள்ளை இழுத்துவிடக்கூடும், மின்னல் விழுந்த இடமாக இருந்தால் இன்னும் மோசம். ஆகவே ஒரு சிறு குச்சியின் நிழல் விழும் கோணத்தையும் மணியையும் குறித்துக்கொண்டு, அன்றைய சூரியன் இருந்த இடத்திலிருந்து வடக்கைக் கணக்கிடுகிறார்கள். வடக்கைத் தெரிந்துகொள்ள வடக்கு முள்ளையே நம்பக்கூடாத இடத்தில் நான் அன்று நின்றுகொண்டிருந்தேன்.

ஆய்வகத்தில் இன்னொரு கட்டம் உண்டு. ஆறு கோடி ஆண்டுகளாக அங்கேயே கிடந்த பாறையில் இன்றைய புலமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிப்புலம் நுழையாத அறையில், உருளையைப் படிப்படியாக மேலும் மேலும் சூடாக்கி ஆறவிட்டு, ஒவ்வொரு படியிலும் மிஞ்சுவதை அளந்தால், மேலே ஒட்டிய புது வடக்கு முதலில் கழன்று, பிறந்த நாளில் பதிந்தது கடைசியில் தனியே நிற்கும்.

மூன்றாவது துளையில் கோடு கீறும் வேலையை என்னிடம் கொடுத்தாள். குழாயின் பிளவு வழியே கம்பியை நுழைத்து, ஈரமான கறுப்புப் பாறைமேல் மேலிருந்து கீழாக இழுத்தேன். பொன் நிறத்தில் மெல்லிய கோடு விழுந்தது. உருளையை உடைத்தெடுத்த பிறகு அந்தக் கோட்டின்மேல் எந்தப் பக்கம் மேலே என்று காட்டச் சிறு அம்புகளையும் நானே இட்டேன். கோணத்தை அவள் வாசிக்க, நான் குறிப்பேட்டில் எழுதினேன். 31 ஆண்டுகள் தாளில் வரைந்த கை, நிலத்தின் மேலேயே அம்பு வரைந்தது அன்றுதான்.

ஏப்ரலில் முடிவு வந்தது. அந்த உருளையின் பழைய திசை தெற்குக்குச் சற்றுக் கிழக்கே, நிலத்தை நோக்கிச் சுமார் 45 பாகை சாய்ந்திருந்தது. புரண்ட திசைதான் என்று அவள் எழுதியிருந்தாள். சாய்வைக் கொண்டு அட்சரேகையைக் காணும் சூத்திரத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தாள்: சாய்வின் டேஞ்சன்ட், அட்சரேகையின் டேஞ்சன்ட்டைப் போல இரண்டு மடங்கு. அலுவலகத்தில் டேஞ்சன்ட் அட்டவணையோடு வாழ்ந்தவளுக்கு இது நெடுநாள் பழகிய கணக்கு. 45 பாகையின் டேஞ்சன்ட் ஒன்று. அதில் பாதி அரை. அரைக்கு உரிய கோணம் சற்றேறக்குறைய 27 பாகை. வடக்கிலா தெற்கிலா? புரண்ட காலத்தில் முள் தெற்கே திரும்பிக் கீழே சாய்கிறது என்றால் அது நடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள இடம். ஆம்பேனளி மலைப்பாதை இன்று வடக்கே 18 பாகையில் இருக்கிறது. தெற்கே 27, வடக்கே 18; கூட்டினால் 45 பாகை, ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர். தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே விலகியிருப்பது, வந்த வழியில் நிலம் இடப்புறமாகத் திரும்பியதன் தடம். 1956-இல் கிளெக், டாய்ச், கிரிஃபித்ஸ் என்னும் மூவர் லண்டனில் இதே தக்காணப் பாறைகளை அளந்து, இந்தியா தென் அரைக்கோளத்திலிருந்து வந்தது என்பதற்குச் சான்று கண்டது இந்தக் கணக்கின் வழியேதான். கண்டங்கள் நகர்வதைப் பெரும்பாலோர் ஏற்காத காலம் அது. நான் அதைச் சமையல் மேடையில், மளிகைக் குறிப்புத் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். விடை வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் கோடு கீறிய அந்த ஒரு துண்டுக்குள் புலம் புரண்டதும் நாடு நகர்ந்ததும் இரண்டுமே இருந்தன.

பழைய கல் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். எங்கே வைப்பது என்று தெரியாதபோது அதற்குப் பொருள் இல்லை. சென்ற வாரம் அதைத் தட்டைப் பக்கம் கீழிருக்க வைத்து, நான்கு புறமும் அளந்து, ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் வரைந்தேன். பக்க அளவுகள், எடை, நிறம், தட்டைப் பக்கத்தின் கீறல்கள் எல்லாம் குறித்திருக்கிறேன். கிடைத்த இடம் என்ற பகுதியில் ‘மகாபலேஷ்வர் மலைப்பாதை’ என்று மட்டும் எழுத முடிந்தது. மூலையில் வடக்கு அம்பு வரும் இடத்தில் வழக்கம்போலக் கட்டம் போட்டேன். கட்டத்துக்குள் எதுவும் வரையவில்லை.